அப்பாவுக்குத் துறைமுகம் காட்டியது

எனக்கு இந்த ஊர் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வந்து நான்கு வருடம் ஆகிறது, இன்றைக்கும் காலையில் கதவைத் திறந்தால் குமட்டுகிறது. மீன், டீசல், உப்பு, நாள்பட்ட ஐஸ் தண்ணீர் எல்லாம் சேர்ந்த ஒரு வாடை. துணியைக் காயப்போட்டால் துணியில் ஏறும், தலையை உலர்த்தினால் தலையில் ஏறும். பக்கத்து வீட்டில் கேட்டால், 'என்ன வாடை?' என்று என்னையே திருப்பிக் கேட்பார்கள். திருப்பூரில் நெருப்பெரிச்சல் பக்கம் எங்கள் அப்பாவின் நிட்டிங் கம்பெனி. அங்கே நாற்றமே இல்லையா என்றால், இருந்தது. பிறந்ததிலிருந்து முகர்ந்த நாற்றம் என்பதால் அதை நாற்றமென்று யாரும் சொன்னதில்லை.

இங்கே வந்தது என் வீட்டுக்காரர் சரவணக்குமாரின் வேலைக்காக. அவர் எங்கள் கம்பெனியில் பிட்டராக இருந்தவர். இந்தக் கடலோரத்தில் மீன்வலை பின்னுகிற கம்பெனிகள் உண்டு. பனியன் துணி ஓட்டுகிற மெஷினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவனுக்கு வலை மெஷினும் கைக்கு வந்துவிடும், ஊசி ஊசிதானே என்பார் அவர். இப்போது அவர் இருக்கிற வலைக் கம்பெனியிலேயே நானும் செக்கிங். பனியன் துணியில் ஒரு ஓட்டை இருந்தால் தூக்கி எறிவோம். இங்கே ஓட்டைகளை எண்ணிப் பார்த்து, எல்லாம் ஒரே அளவில் இருந்தால்தான் பாஸ் பண்ணுகிறோம். என் பிழைப்பு இப்படி ஆகிவிட்டது.

போன சனிக்கிழமை மத்தியானம் அப்பா வந்தார். நான்கு வருடமாக ஒரு போன் கிடையாது. நானும் சரவணக்குமாரும் கல்யாணம் செய்துகொண்ட மறுநாள், 'எனக்கு மகளே இல்லை' என்று கம்பெனி வாசலில் நின்று சத்தமாகச் சொன்ன மனிதர். அவர் வெள்ளிக்கிழமை போன் போட்டு, "கண்ணு, அந்தப் பக்கமா ஒரு சோலி இருக்குது. அப்படியே உன்னையும் பாத்துட்டுப் போலாம்னு" என்றார். சோழியன் குடுமி சும்மா ஆடுமா? நெருப்பெரிச்சல்காரருக்குக் கன்னியாகுமரிப் பக்கம் என்ன சோலி? ஆனாலும் நான் வாங்கப்பா என்றுதான் சொன்னேன். சொன்னதோடு நில்லாமல் வெள்ளிக்கிழமை சாயங்காலமே வீட்டைக் கழுவிவிட்டேன். அதை நினைத்தால் இப்போது என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

"நான் ஊட்ல இருந்தா அவருக்குச் சங்கடம். நான் வேலைக்குப் போயிர்றேன். நீ லீவு போட்டுக்க" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு எல்லாரையும் பற்றி யோசிக்கிற ஒரு குணம், அதற்கும் ஒரு நாள் நான் சண்டை பிடிக்க வேண்டும்.

காரின் சத்தம் கேட்டதும் நான் இறங்கிப் போகவில்லை. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். டிஎன் முப்பத்தொன்பது, திருப்பூர் வண்டி. உள்ளே எத்தனை பேர் என்று பார்த்தேன். ஆள் விட்டுத் தேடுவார்கள் என்று பயந்து முதல் வருடத்தில் மூன்று வீடு மாறினோம், அப்போது வந்த பழக்கம். அப்பாவும் டிரைவர் ஆத்தப்பனும் மட்டும்தான். பின் சீட்டில் ஒருவரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் செருப்பை மாட்டினேன். சொந்த அப்பன் வருகிறான், பெண் ஆள் எண்ணிப் பார்த்துவிட்டு இறங்குகிறாள். இந்த லட்சணத்தில் இருந்தது எங்கள் உறவு.

அப்பாவுக்கு அறுபது வயது. தலை முழுக்க நரைத்திருந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கார் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்ததும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"மேல வாங்கப்பா. காப்பி வெச்சிருக்கறேன்" என்றேன்.

"இருக்கட்டுங் கண்ணு. எட்டு மணி நேரம் கார்லயே உக்காந்து இடுப்பு புடிச்சுக்கிச்சு. கடலுக்குப் பக்கத்துல வந்துட்டு கடலைப் பாக்காமப் போறதா? அப்படியே காலாற நடந்துட்டு வரலாம் வா."

"ஒரு வாய் தண்ணியாச்சும் குடிச்சிட்டு..."

"தண்ணி கார்லயே இருக்குது சாமி."

என்ன இனிப்பான பேச்சு. கண்ணு, சாமி. கொங்கு நாட்டில் மனுசனை வாசலோடு நிறுத்துவதற்குக்கூட நாலு 'ங்க' போடுவார்கள். சரவணக்குமாரின் அப்பா நல்லான் எங்கள் தோட்டத்தில் முப்பது வருடம் வேலை செய்தவர். அவருடைய மகன் குடியிருக்கிற வீட்டுக்குள் அப்பாவின் கால் படாது, அந்த வீட்டுத் தண்ணீர் அவர் தொண்டையில் இறங்காது. அதை வாய் திறந்து சொல்லவும் மாட்டார். இடுப்பு பிடித்துக்கொண்டதாம்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இந்த ஊரில் நடப்பதற்கு இரண்டு வழி உண்டு. கிழக்கே போனால் நகராட்சிப் பூங்கா, சிமெண்டு பெஞ்சு, சுத்தமான மணல். மேற்கே போனால் மீன்பிடித் துறைமுகம். கைக்குட்டையை ஒரு பார்வை பார்த்தேன்.

"இப்படி வாங்கப்பா" என்று மேற்கே திரும்பினேன்.

வெயில் உறைக்கவில்லை, காற்று இருந்தது. நான் வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன், கல்யாண வீட்டுக்காரிபோல ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு. முதலில் சாளை மீன் காயப்போடுகிற தெரு. ரோட்டின் இரண்டு பக்கமும் தார்ப்பாயில் மீன், அதன்மேல் ஈ. நடு ரோட்டில் ஒற்றையடிப் பாதை அளவுக்குத்தான் இடம். அப்பா வேட்டியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"இதுக்குள்ளதான் குடியிருக்கறயா?"

"ரொம்ப நல்லா இருக்குங்கப்பா. காத்து பாத்தீங்களா? நம்மூர்ல இந்தக் காத்துக்கு எங்க போறது?"

எவ்வளவு கூசாமல் சொன்னேன். அந்தத் தெருவை நான் மூச்சை அடக்கிக்கொண்டு கடக்கிறவள். மீன் சாப்பிடப் பழகவே எனக்கு இரண்டு வருடம் ஆனது. ஆனால் அவர் மூக்கைப் பொத்தினால் நான் பொத்த மாட்டேன். வீம்புக்கு ஆழமாக மூச்சு இழுத்துக் காட்டினேன்.

கம்பெனியில் நான்கு மெஷினை விற்றுவிட்டதாகச் சொன்னார். ஆர்டர் சரியில்லை, வடநாட்டுப் பையன்கள் ஊருக்குப் போனால் திரும்புவதில்லை, சர்க்கரை முந்நூறு இருக்கிறது, டாக்டர் நடக்கச் சொல்கிறார். எல்லாவற்றையும் சொன்னார், என்னை எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. சரவணக்குமாரின் பேரைச் சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் "அந்தப் பையன்" என்றார். அந்தப் பையனுக்கு முப்பத்தாறு வயது.

ஏலக்கூடத்துக்குள் கூட்டிப்போனேன். சுற்றிப் போகவும் வழி இருக்கிறது, நான் காட்டவில்லை. தரை முழுக்க ரத்தம் கலந்த தண்ணீர். திருக்கைகளைக் குப்புறப் போட்டு வரிசை வைத்திருந்தார்கள். ஒருவர் சூரை மீனின் வயிற்றைக் கிழித்துக் குடலை ஒரே இழுப்பில் உருவி வீச, நாய் கவ்விக்கொண்டு எங்கள் கால் இடுக்கில் ஓடியது. தலையில் கூடையோடு வந்த ஒரு அம்மா, "மாறி நில்லுங்க மக்களே" என்று அப்பாவின் தோளை முழங்கையால் தள்ளிவிட்டுப் போனார். கூடையிலிருந்து ஒழுகிய தண்ணீர் அவர் வெள்ளைச் சட்டையில் கோடு இழுத்தது. அப்பா அந்தக் கறையைப் பார்த்தார். எங்கள் கம்பெனியில் ஒரு எண்ணெய்ச் சொட்டு பட்ட துணியை அவர் பார்க்கிற பார்வை அது. எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். அற்ப புத்தி என்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஏலக்கூடத்தைத் தாண்டினால் குவியல். வலையில் சிக்கி யாருக்கும் ஆகாத மீன், குஞ்சு, நண்டு, சங்கு எல்லாவற்றையும் ஒரு ஆள் உயரத்துக்குக் கொட்டி வைத்திருப்பார்கள். வெயிலில் அது வெந்து கூழாகி, ஓரத்தில் புழு நெளியும். மண்வெட்டியால் வாரி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"கருமம். இதைய எங்க கொண்டு போயி கொட்டுவாங்க?" என்று கைக்குட்டைக்குள்ளிருந்து கேட்டார்.

"கொட்டறதில்லீங்கப்பா. காயவெச்சுப் பொடி பண்ணி கோழித் தீவனத்துக்கு அனுப்பறாங்க. இந்த லாரி நம்ம பல்லடத்துக்குத்தான் போகுதாமா."

அப்பா ஞாயிறு தவறாமல் கோழி சாப்பிடுகிறவர். வேகமாக நடந்தார். நானும் கோழி சாப்பிடுகிறவள்தான், அந்த நேரத்தில் அது நினைவில் இல்லை.

அலைத்தடுப்புச் சுவர் ஆரம்பிக்கிற இடத்தில் கூட்டம் குறைந்தது. ஒரு பக்கம் படகுகள், மறுபக்கம் கடல். அங்கே வந்துதான் அப்பா கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"ரித்தீஷுக்குப் பொண்ணு அமைஞ்சிருச்சு கண்ணு."

நான் நின்றுவிட்டேன். ரித்தீஷ் என் தம்பி. அம்மா இறந்தபோது எனக்குப் பதின்மூன்று, அவனுக்கு ஒன்பது. அன்றிலிருந்து அவனுக்குத் தலைவாரி, டிபன் கட்டி, காய்ச்சலில் நெற்றியில் துணி போட்டு வளர்த்தது நான். எனக்கு வந்த ஜாதகத்தையெல்லாம் அப்பா இது சரியில்லை அது சரியில்லை என்று தள்ளியது, நான் போய்விட்டால் வீட்டையும் செக்கிங்கையும் பார்க்க ஆளில்லை என்பதால் என்று எனக்குத் தெரியும். ரித்தீஷுக்காக நான் அதையும் பொறுத்துக்கொண்டேன். நான் போன பிறகு அந்த வீட்டிலிருந்து என்னோடு பேசியது அவன் ஒருத்தன்தான். பேச்சென்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. மாதத்துக்கு ஒரு தடவை, 'சாப்டியாக்கா' என்று ஒரு மெசேஜ். அதை நான் பத்துத் தடவை எடுத்துப் பார்ப்பேன்.

"எந்த ஊருங்கப்பா?"

"காங்கேயத்துப் பக்கம். எண்ணெய் மில்லு வெச்சிருக்கறாங்க. ஒரே புள்ளை. ஆவணியில கல்யாணம். நம்ம பக்கம் பொண்ணு கெடைக்கறது குதிரைக்கொம்பா இருக்குது, உனக்கே தெரியும். எத்தனை எடம் போயி பாத்தோம். எல்லாப் பக்கமும் ஒரே கேள்விதான்."

என்ன கேள்வி என்று அவர் சொல்லவில்லை. மூத்தவள் எங்கே என்ற கேள்வி. நான் கடலைப் பார்த்தேன்.

"அவன் அடம் புடிக்கறான் கண்ணு" என்றார் அப்பா. "இணைச்சீருக்கு அக்காதான் வந்து உக்காரணும்னு. அக்கா இல்லாம நான் மணவறையில ஏற மாட்டேன்னு நிக்கறான்."

இணைச்சீர் எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் செய்கிற சீர். தாலி கட்டுவதற்கு முன்னால் அவளை அவன் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு சேலையைக் கொண்டு இரண்டு பேரையும் இணைப்பார்கள். எவள் வந்தாலும் இவள் உனக்கு உண்டு என்று ஊர் முன்னால் சொல்கிற மாதிரி. சின்ன வயதில் ரித்தீஷும் நானும் கம்பெனியில் வெட்டுத்துண்டை வைத்து அந்த விளையாட்டு விளையாடியிருக்கிறோம்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் துடைத்துக்கொள்ளவில்லை. நான் இவ்வளவு நேரம் இந்த மனிதரைச் சேற்றில் இழுத்துக்கொண்டு வந்தேனே, பாவம், சர்க்கரைக்காரர், எட்டு மணி நேரம் கார் ஏறி என்னை அழைக்க வந்திருக்கிறாரே என்று நினைத்தேன். உள்ளே வந்து தண்ணீர் குடிக்காததையும் அந்த நிமிடத்தில் மன்னித்தேன்.

மன்னிப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் இருந்தது. இதை என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொன்னதில்லை. கல்யாணமான அன்று அவருடைய அம்மா ஆயம்மாள் எனக்கு ஒரு டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். எட்டு வருடம் காதலித்தவனின் அம்மா. புது எவர்சில்வர் டம்ளர், ஸ்டிக்கர்கூட உரிக்கவில்லை. வாயில் வைத்தேன், என் தொண்டை மூடிக்கொண்டது. என்ன செய்தும் இறங்கவில்லை. வாய்க்குள் தண்ணீரை வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றேன். தோட்டத்தில் அவர்களுக்கென்று தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்களைப் பார்த்து வளர்ந்த தொண்டை. அந்த அம்மா எல்லாம் தெரிந்தவர்போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு விழுங்கினேன். அன்றைக்கு எனக்கு என்மேல் வந்த அருவருப்பு இந்தத் துறைமுகத்தில் எதைப் பார்த்தும் வந்ததில்லை. அதனால் அப்பாவின் தொண்டையும் எனக்குத் தெரிந்த தொண்டைதான்.

"வர்றேங்கப்பா" என்றேன். "அவரைக் கூட்டிட்டு வரக்கூடாதுன்னா வேண்டாம். அவரே போயிட்டு வான்னுதான் சொல்லுவாரு. நான் மட்டும் காலையில வந்து, சீரைச் செஞ்சுட்டு, சாப்பிடாமக்கூட வந்துர்றேன்."

இதைச் சொன்ன வாயை இப்போது நான் என்ன செய்வது?

அப்பா கொஞ்ச தூரம் நடந்தார். சுவரில் ஒட்டியிருந்த ஒரு மீன் செதிலைச் செருப்பு நுனியால் சுரண்டினார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்களே, அப்பா அந்த ரகம். நேராக எதையும் சொல்லத் தெரியாது.

"அதுக்கில்லீங் கண்ணு. நீ வர்றேங்கறது பெரிய மனசு. ஆனா பாரு, பொண்ணு ஊட்டுக்காரங்க இருக்கறாங்கள்ல. வெகு கட்டுப்பாடா இருக்கறவங்க. எல்லாம் பேசி முடிக்கற அன்னிக்கே, மண்டபத்துப் பக்கம் அந்தப் புள்ளை வரக்கூடாதுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டாங்க."

"அந்தப் புள்ளைங்கறது நானுங்களா?"

"மனசுல வெச்சுக்காதே சாமி. அவங்க சொன்னது அப்படி. இணைச்சீருக்கு உன்ற சித்தப்பன் மக அக்ஷரா இருக்கறா. அதுல ஒண்ணும் கொறை வராது. இவன் ஒருத்தன்தான் ஒத்துக்க மாட்டேங்கறான். நீயே ஒரு போன் போட்டு, லீவு கெடைக்கலைடா, வர முடியாதுன்னு சொல்லிட்டீன்னா அவன் கம்முனு இருந்துக்குவான். நீ சொன்னா கேப்பான். அதுக்குத்தான் நேர்ல வந்தேன்."

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. கூப்பிட வரவில்லை. வராதே என்று சொல்லவும் வரவில்லை. வரமாட்டேன் என்று என்னையே சொல்லவைக்க வந்திருக்கிறார். பழி அவர்மேலும் விழக்கூடாது, காங்கேயத்துக்காரர்கள் மேலும் விழக்கூடாது. ஓடிப்போனவள் தம்பி கல்யாணத்துக்கும் வரவில்லை பார் என்று ஊரில் நாலு பேர் பேசிக்கொள்வார்கள். எவ்வளவு சுத்தமான வேலை. ஒரு கறையில்லை.

"சீ" என்றேன். அப்பாவை நோக்கி நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"கண்ணு..."

"கண்ணுங்காதீங்க. குமட்டுது. அந்தக் குவியல்ல புழு நெளிஞ்சுதே, அது எவ்வளவோ தேவலைங்கப்பா. அது நாறுதுன்னு தூரத்துலயே தெரிஞ்சுது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் போனை எடுத்தேன். அப்போது எனக்கு வந்த வெறியில் ஒன்றை முடிவு செய்துவிட்டேன். என் தம்பி எனக்காக மணவறையில் ஏற மாட்டேன் என்று நிற்கிறான். நிற்கட்டும். நானும் வருவேன், என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வருவேன். எண்ணெய் மில்லாவது, எவராவது. அக்காவும் தம்பியும் ஒன்றாக நின்றால் இவர்கள் என்ன செய்துவிடுவார்கள்?

"இப்ப வேண்டாங் கண்ணு" அப்பாவின் குரல் மாறியது. "நிதானமா ஊட்டுக்குப் போயி பண்ணு. நான் கெளம்புன பொறகு பண்ணு. இப்ப அவன் வேலையா இருப்பான்."

அவர் பதறுவதைப் பார்த்து எனக்கு இன்னும் திமிர் ஏறியது. ஸ்பீக்கரைப் போட்டேன். அவரும் கேட்கட்டும்.

நாலாவது மணியில் எடுத்தான். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம். "அக்கா, சொல்லுக்கா" என்றான். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவன் குரலைக் கேட்கிறேன்.

"ரித்தீஷு, அப்பா எல்லாம் சொன்னாருடா. நீ ஒண்ணுக்கும் பயப்படாதே. யாரு என்ன சொன்னாலும் நான் வந்து உனக்கு இணைச்சீர் செய்யறேன். மாமாவும் வர்றாரு. நாங்க ரெண்டு பேரும் வர்றோம்."

ஒரு கதவு மூடுகிற சத்தம், மெஷின் சத்தம் குறைந்தது.

"அக்கா, அப்பா பக்கத்துல இருக்கறாரா? அவருகிட்ட குடேன்."

நான் போனை நீட்டினேன். அப்பா அதைப் பறித்துக் காதில் வைத்துக்கொண்டார். ஸ்பீக்கரை நிறுத்த அவருக்குத் தெரியாது. வைத்ததும் தம்பியின் குரல் கடல் காற்றில் கணீரென்று வந்தது.

"என்னங்கப்பா, இன்னும் சொல்லலீங்களா? மாமாவும் வர்றாருங்குது. நான்தான் அப்பவே சொன்னேனுங்கள்ல, நானே ஒரு மெசேஜ்ல வராதேன்னு போட்டு முடிச்சிருப்பேன். நீங்கதான், பாவம், நேர்ல போயி பதமாச் சொல்றேன்னீங்க. இப்ப இது வந்து மண்டபத்துல நின்னா என்னங்க பண்றது? என்ற வாழ்க்கைங்கப்பா. அக்ஷராவுக்குச் சேலையும் எடுத்தாச்சு. எப்படியாச்சும் சொல்லிட்டு வாங்க."

அப்பா போனைக் காதிலிருந்து எடுத்து அதைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

'இது' என்றான் என்னை.

நான் அப்பாவின் கையிலிருந்து போனை வாங்கினேன்.

"ரித்தீஷு."

"அக்கா? அக்கா, அப்பா..."

"இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. எங்க கம்பெனியில ஆவணி மாசம் யாருக்கும் லீவு கெடையாது. சீசன். நான் வர முடியாதுடா. அக்ஷராவையே உக்கார வெச்சுக்க."

"அப்படீங்களாக்கா" என்றான். ஒரு மூச்சு விட்டான். அந்த மூச்சு எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் மார்க் ஷீட்டை அப்பாவிடம் நான் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் இப்படித்தான் விடுவான். "சரிக்கா. அப்ப நான் வெச்சிரட்டுமா? சாப்டியா?"

"சாப்பிட்டேன்" என்று சொல்லி வைத்தேன்.

ஒரு படகு உள்ளே வந்தது. கரையிலிருந்து கூச்சல் போட்டார்கள். அப்பா சுவரில் உட்கார்ந்துவிட்டார். ஈரமாக இருந்தது, பார்க்காமல் உட்கார்ந்தார்.

"அவன் அடம் புடிக்கறான்னு ஏனுங்கப்பா சொன்னீங்க?"

"அவன் மெசேஜ் போடறேன்னான். அதைய படிச்சா உனக்கு எப்படி இருக்கும்? என்னைய நீ எப்படியும் வெறுத்தாச்சு. கூட ஒரு கை மண்ணு என்மேல விழுந்தா என்ன. அவனாச்சும் உனக்கு இருக்கான்னு இருக்கட்டும்னு பாத்தேன்."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றவில்லை. உள்ளது உள்ளபடி சொல்கிறேன். நான் மண்டபத்துக்கு வரக்கூடாது என்பது அவருக்கும் சம்மதம்தான். காங்கேயத்துக்காரர்கள் சொன்னபோது இவர் எழுந்து வரவில்லை, காப்பியைக் குடித்துவிட்டுத் தேதி குறித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். என்னை வெட்டி எறிவதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை, கத்தி மழுங்கலாக இருக்கக்கூடாது என்பதில் மட்டும் கவலை. ஆனாலும் எட்டு மணி நேரம் கார் ஏறி வந்து ஒரு பொய்யைக் கொடுத்துவிட்டுப் போகப் பார்த்தார். இவ்வளவு நாள் அவரை வெறுப்பது எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது. அதையும் கெடுத்துவிட்டார்.

"எந்திரிங்கப்பா. பொழுது போகுது" என்றேன்.

திரும்பி வரும்போது ஏலக்கூடத்தைச் சுற்றிப் போகிற வழியில் கூட்டிவந்தேன். கார் கதவைத் திறந்த ஆத்தப்பன் அப்பாவின் வேட்டியைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்க வந்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அப்பா ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, "வர்றேன்" என்றார். கண்ணு என்று சொல்லவில்லை. நானும் தலையை ஆட்டினேன்.

என் வீட்டுக்காரர் ஆறு மணிக்கு வந்தார். கையில் சூடாகப் பழம்பொரி வாங்கி வந்திருந்தார். நான் அழுதிருப்பேன் என்று நினைத்து வாங்கியது. ஆனால் நான் அழுதிருக்கவில்லை, அடுப்பு மேடையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன சொன்னாரு?" என்றார், சட்டையைக் கழற்றாமலேயே.

கரித்துணியைப் பிழிந்தேன்.

"ரித்தீஷுக்குக் கல்யாணமாமா. ஆவணியில. இணைச்சீருக்கு அக்கா வந்தே ஆகணும், அக்கா இல்லாம மணவறையில ஏற மாட்டேன்னு அடம் புடிக்கறானாமா. அப்பாவுக்கு அது ஒரே தலைவலி. நான்தான் போன் போட்டு, வேண்டாண்டா கண்ணு, ஊர்ல வம்பாயிரும், அக்ஷராவை வெச்சுச் செஞ்சுக்கன்னு சமாதானம் சொன்னேன். ஒத்துக்கவே இல்லை. அரைமணி நேரம் பேசினேன்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. நான்கு வருடத்தில் என் ஊரிலிருந்து வந்த ஒரு நல்ல சேதி. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பாத்தியா, அவன் ஒருத்தனாச்சும் நம்ம பக்கம் நிக்கறான். நல்ல பையன். ஒரு நாளைக்கு எங்கிட்டயும் பேசச் சொல்லு."

"சொல்றேங்க மாமா" என்றேன்.